சார்பின் ஓட்டத்தை மட்டுப்படுத்தல்

இணையப் பக்கத்தை ஒருமுறை உருட்டுவது வாசகருக்கு ஒரே செயல். உலாவிக்கோ அது பல நிகழ்வுகளின் தொடர். உருட்டலோடு ஜாவாஸ்கிரிப்ட் சார்பொன்றை நாம் பிணைத்துவிடின், நிகழ்வு தோன்றுந்தோறும் அச்சார்பு இயங்கும். சார்பை இயக்குதலும் திரையை வரைதலும் பெரும்பாலும் ஒரே இழையிலேயே நடைபெறுதலால், முன்னது முடியும்வரை பின்னது காத்திருத்தல் வேண்டும். செக்கனுக்கு 60 முறை புதுப்பிக்கப்படும் திரையில் ஒருமுறைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 16.7 மில்லிசெக்கன் மாத்திரமே.

2011ஆம் ஆண்டு தொடக்கத்தில் டுவிற்றர் தளம் இவ்வாறே இடருற்றது. பக்கத்தை உருட்டியவர்கள் அது அசைய மறுப்பதைக் கண்டனர். ஜேகுவெரி நூலகத்தை ஆக்கிய ஜோன் றெசிக் காரணத்தை ஆராய்ந்து, உருட்டல் நிகழ்வோடு பாரமான வேலையை நேரே பிணைத்தல் தகாதென்றார். நிகழ்வு வரும்போது 'உருட்டப்பட்டது' என்னும் குறியை மட்டும் இட்டுவைத்து, 250 மில்லிசெக்கனுக்கு ஒருமுறை அக்குறியைப் பார்த்து வேலையைச் செய்க என்பதே அவர் காட்டிய வழி. எளிய வழிதான், ஆயினும் பலர் அதுவரை எண்ணிப்பாராதது.

இன்று வழக்கிலுள்ள முறைகள் இரண்டு. அவற்றை ஒன்றென மயங்குவார் பலர். திரொட்டில் என்பது, நிகழ்வுகள் எத்துணை விரைந்து வரினும் குறித்த இடைவெளிக்கு ஒருமுறைக்கு மேற் சார்பை இயங்கவிடாதது. பெயர் எஞ்சினின் வால்விலிருந்து வந்தது. டிபவுன்ஸ் என்பதோ நிகழ்வுகள் ஓயும்வரை பொறுத்திருப்பது. மின்னாளியை ஒருமுறை அழுத்தினும் அதன் உலோகத் தொடுகைகள் சில கணம் துள்ளிப் பலமுறை அழுத்தியதுபோற் காட்டும். அத்துள்ளலை நீக்குதற்கு எழுந்த சொல் அது. தேடற்பெட்டியில் 'யாழ்ப்பாணம்' என ஒருவர் தட்டும்போது எழுத்துக்கு எழுத்து சேவையகத்தை வினவாது, அவர் கை ஓய்ந்து 300 மில்லிசெக்கன் கழிந்தபின் ஒரேமுறை வினவலாம்.

ஆனால் கட்டுரையைத் தானாகச் சேமிக்கும் சார்புக்கு இதே முறையைக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு தட்டலும் பழைய நேரக்கணிப்பை அழித்துப் புதிதாகத் தொடக்குதலால், இடையறாது தட்டும் மாணவனின் எழுத்து ஒருமுறையேனும் சேமிக்கப்படாது. அவ்வேளை மின் தடைப்படின் அத்தனையும் போயிற்று. இதற்காகவே லோடாஷ் நூலகத்தின் டிபவுன்சில் உச்சக் காத்திருப்பு நேரத்தையும் குறிக்க இடமுண்டு. ஐந்து செக்கன் எனக் குறித்துவிடின், கை ஓயாதபோதும் சேமிப்பு நிகழும்.

திரொட்டிலில் வேறோர் இடர். இடைவெளியின் நடுவே வந்த கடைசி நிகழ்வைக் கைவிட்டுவிடின், உருட்டல் நின்ற இடமொன்று, சார்பு அறிந்த இடம் வேறொன்று ஆகிவிடும். ஆதலின் இடைவெளி முடிவில் இறுதி மதிப்போடு சார்பை மீண்டும் ஒருமுறை இயக்குதல் வேண்டும்.

மாணவர் அடிக்கடி இடறும் இடம் இன்னுமொன்றுண்டு. மட்டுப்படுத்திய சார்பை நிகழ்வு வருந்தோறும் புதிதாக ஆக்கின், ஒவ்வொன்றும் தனித்தனி நேரக்கணிப்பை உடையதாய், ஒன்றையொன்று அறியாது யாவுமே இயங்கும். அதனை வெளியே ஒருமுறை ஆக்கி, அதனையே நிகழ்வோடு பிணைத்தல் வேண்டும்.