இடைவெளி என்னும் அறம்

நுழையும்முன்

கூடி வாழ்தல் தமிழரின் இயல்பு. திருவிழா, திருமணம், சந்தை, துக்கவீடு என வாழ்வின் எல்லா நிலைகளிலும் ஒருவர்க்கொருவர் அருகில் நிற்பதையே அன்பின் அடையாளமாகக் கொண்ட சமூகம் இது. அத்தகைய சமூகத்தை, “விலகி நில், அதுவே அன்பு” என்று சொல்லும் நிலைக்கு 2020ஆம் ஆண்டில் ஒரு பெருந்தொற்று கொண்டுவந்தது. பொது இடத்தில் ஒருவர் நடந்துகொள்ளும் முறை மற்றவரின் உயிரோடு தொடர்புடையது என்பதை அந்நாள்கள் உணர்த்தின. தமிழகத்தின் வட எல்லையில் அமைந்த திருத்தணிகையை நடுவாகக் கொண்டு அப்படிப்பினையை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மக்கள் காணாத திருவிழா

முருகனின் அறுபடை வீடுகளுள் ஐந்தாவதாகப் போற்றப்படுவது திருத்தணி. முருகனின் சினம் தணிந்த இடமாதலால் தணிகை எனப் பெயர்பெற்றது என்பர். ஆண்டின் நாள்களை நினைவூட்டும் வகையில் மலைமேல் ஏற 365 படிகள் அமைந்துள்ளன. ஆடிக் கிருத்திகை நாளில் இப்படிகளில் மனிதத் தலைகளைத் தவிர வேறொன்றும் தென்படாது. தமிழகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் இலட்சக்கணக்கானோர் மலர்க்காவடி சுமந்து வருவர். சரவணப் பொய்கையில் நீராடி, தோளோடு தோள் உரச மலையேறுவர். அந்நாளில் முன்னே செல்பவரின் மூச்சு பின்னே வருபவரின் முகத்தில் படும்.

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் ஆடிக் கிருத்திகை வந்தது, மக்கள் வரவில்லை. தமிழகத்தின் பெருங்கோயில்கள் அனைத்திலும் வழிபாடுகள் முறைப்படி நடந்தபோதும், வழிபடுவோர்க்கு வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த காலம் அது. காவடிகள் வீட்டிலேயே இருந்தன. தலைமுறை தலைமுறையாக ஒரு நாளும் தவறாத வேண்டுதலை அந்த ஆண்டு தள்ளிவைத்த குடும்பங்கள் பல. அவ்வாறு விலகி நின்றதும் ஒரு நோன்பே எனலாம்.

நோய் பரவும் வழி

கொரோனா தீநுண்மி கண்ணுக்குப் புலப்படாதது. நோயுற்றவர் பேசும்போதும் இருமும்போதும் தும்மும்போதும் வெளிப்படும் நீர்த்திவலைகள் வழியாகவும், காற்றோட்டமற்ற இடங்களில் தங்கும் நுண்துகள்கள் வழியாகவும் அது மற்றவரை அடைகிறது. பெரிய திவலைகள் சற்றுத் தொலைவிற்குள் தரையில் விழுந்துவிடும். ஆறடி இடைவெளி வலியுறுத்தப்பட்டதன் அடிப்படை இதுவே. நுண்துகள்களோ நெடுநேரம் மிதக்கும். ஆதலால் இடைவெளியோடு முகக்கவசமும் காற்றோட்டமும் தேவைப்பட்டன.

இந்நோயின் தனி இடர் மற்றொன்று. அறிகுறி தோன்றுவதற்கு முன்பே ஒருவர் பிறருக்கு நோயைக் கடத்தக்கூடும். சிலருக்கு அறிகுறியே தோன்றாது. “எனக்குத்தான் காய்ச்சல் இல்லையே” என்னும் நம்பிக்கை இங்குப் பயன்படாது. தான் நலமாக இருப்பதாக எண்ணும் ஒருவரும், தம்மிடம் நோய் இருக்கக்கூடும் எனக் கருதி நடந்துகொள்வதே அறிவுடைமை.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் மூவருக்கு நோயைத் தருகிறார் எனக் கொள்வோர், அம்மூவர் ஒன்பதின்மருக்கும், அவர்கள் இருபத்தெழுவருக்கும் தருவர் எனக் காண்பர். பத்தாவது படியில் மட்டும் அவ்வெண்ணிக்கை 59,049 ஆகும். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே தருவாராயின், பத்தாவது படியிலும் அது ஒன்றாகவே இருக்கும். மூன்றை ஒன்றாக்கும் ஆற்றல் தனிமனிதர் கடைப்பிடிக்கும் இடைவெளியில் உள்ளது. ஒருவர் தவிர்க்கும் ஒரு சந்திப்பு, அவர் அறியாத பலரைக் காக்கிறது.

ஊர் அடங்கிய நாள்கள்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று இந்நோயைப் பெருந்தொற்று என அறிவித்தது. மார்ச் 22 அன்று மக்கள் ஊரடங்கு கடைப்பிடிக்கப்பட்டது. மார்ச் 24 மாலை தமிழகத்தில் 144 தடை உத்தரவு நடைமுறைக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் 21 நாள் ஊரடங்கு நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டு, பின்னர்ப் பலமுறை நீட்டிக்கப்பட்டது. பயணியர் தொடர்வண்டிகள் நின்றன. பள்ளிகள் மூடப்பட்டன. அவ்வாண்டு பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கைவிடப்பட்டு, மாணவர் அனைவரும் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டனர்.

ஊரடங்கு என்னும் சொல் தமிழில் புதிதன்று. இரவில் ஊர் உறங்கி ஒலி ஓய்வதை ‘ஊர் அடங்கியது’ என்று சொல்வது மக்கள் வழக்கு. ஆயினும் நண்பகலில் ஊர் அடங்கியதை அத்தலைமுறை முதன்முறையாகக் கண்டது.

எல்லையில் எழுந்த கேள்வி

மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது ஆந்திரத்தில் இருந்த திருத்தணி, ம.பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலானோர் நடத்திய வடஎல்லைப் போராட்டத்தின் பயனாக 1960 ஏப்ரல் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நிலத்தின் எல்லை மாறினாலும் மக்களின் உறவு மாறவில்லை. திருத்தணிக்கும் நகரிக்கும் இடையே பெண் கொடுத்தலும் எடுத்தலும் உண்டு. நெசவும் வணிகமும் உண்டு. இரு மொழியும் இங்குத் தெருவில் கலந்தே ஒலிக்கும்.

ஊரடங்கு அந்த எல்லைக்கோட்டை மீண்டும் கண்முன் நிறுத்தியது. மாநிலம் விட்டு மாநிலம் செல்லவும், தமிழகத்துக்குள்ளேயே மாவட்டம் விட்டு மாவட்டம் செல்லவும் இ-பாஸ் கேட்கப்பட்டது. 2020 ஏப்ரல் இறுதியில், அண்டையிலுள்ள வேலூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லைச் சாலைகள் இரண்டின் குறுக்கே சுவர்களே எழுப்பப்பட்டன. எதிர்ப்பு எழுந்ததும் அவை விரைவில் அகற்றப்பட்டன. பயணத்தைக் குறைப்பது தேவையானதே. ஆனால், மருத்துவ ஊர்தியும் பால்வண்டியும் அதே சாலையில்தான் செல்லவேண்டும். நோய்க்கு இடப்படும் தடை உதவிக்கும் தடையாகிவிடலாகாது என்பதை அச்சுவர்கள் கற்பித்தன.

தெரிந்து தெளிவோம்

கொள்ளைநோய்ச் சட்டம் 1897இல் இயற்றப்பட்டது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயே அதற்குக் காரணம். கொரோனாக் காலக் கட்டுப்பாடுகளுக்கு இச்சட்டமும், 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும், 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமும் அடிப்படையாயின.

கூட்டம் கற்பித்த பாடம்

கட்டுப்பாடு எவ்வளவு கடுமையோ அவ்வளவு பயன் தரும் எனக் கருதுவோர் உண்டு. நடந்தது வேறு. சென்னை, கோவை, மதுரை ஆகிய மாநகரங்களில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாள்களுக்கு முழு ஊரடங்கு என அறிவிக்கப்பட்டதும், அதற்கு முந்திய நாளில் காய்கறிக் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் மக்கள் முண்டியடித்தனர். விலகியிருப்பதற்கான ஆணையே நெருக்கத்திற்குக் காரணமாயிற்று. அடுத்த சில நாள்களில் கோயம்பேடு சந்தை நோய்ப்பரவலின் மையமாகக் கண்டறியப்பட்டது. மே 5 அன்று அது மூடப்பட்டு, திருத்தணியை உள்ளடக்கிய திருவள்ளூர் மாவட்டத்தின் திருமழிசைக்குத் தற்காலிகமாக மாற்றப்பட்டது.

கூடியவர்கள் பொறுப்பற்றவர்கள் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால், நாளைய உணவுக்கு வழி தெரியாதவர் இன்று வரிசையில் நிற்காமல் இருக்க இயலாது. இதற்கு மாறான சான்றும் அதே மாதத்தில் உண்டு. குடும்ப அட்டைதாரர்க்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா அரிசியும் வழங்கியபோது, நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் முன்னதாகவே தரப்பட்டன. தம் முறை உறுதியாக வரும் என்று நம்புகிறவர் முந்துவதில்லை. இடைவெளியைக் காப்பது சுண்ணாம்பால் வரைந்த வட்டம் மட்டுமன்று. அவ்வட்டத்தில் நிற்பவரின் நம்பிக்கையும்தான்.

விலகுதலும் விலக்குதலும்

அந்நாள்களில் ‘சமூக விலகல்’ என்னும் தொடர் பரவலாக வழங்கியது. அத்தொடர் குறித்து ஐயங்களும் எழுந்தன. மனிதரை மனிதர் தொடலாகாது எனப் பிறப்பின் பெயரால் தொலைவில் நிறுத்திய கொடுமையை இந்நாடு நெடுங்காலம் கண்டது. அந்த நினைவுள்ள மண்ணில், சமூகம் விலகவேண்டும் என்று சொல்வது காயத்தைக் கீறுவதாகும். உலக நலவாழ்வு நிறுவனமும் ‘உடல் இடைவெளி’ என்னும் பொருள்படும் தொடரையே பின்னர் விரும்பியது. தமிழில் ‘தனிநபர் இடைவெளி’ என்னும் வழக்கு வந்தது.

விலகுதலுக்கும் விலக்குதலுக்கும் ஓர் எழுத்தே வேறுபாடு, பொருளிலோ பெருந்தொலைவு. தன்னால் பிறர்க்குத் தீங்கு நேரலாகாது எனத் தான் ஒதுங்குவது விலகுதல். பிறரால் தனக்குத் தீங்கு என அஞ்சி அவரை ஒதுக்குவது விலக்குதல். முன்னது அறம், பின்னது கொடுமை.

2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் உயிரிழந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யச் சென்றவர்களைக் கூட்டத்தினர் தாக்கிய நிகழ்வு தமிழகத்தைத் தலைகுனியச் செய்தது. இறந்தவரின் உடலை உரிய நெறிப்படி அடக்கம் செய்வதால் நோய் பரவாது என மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். அடக்கத்தைத் தடுப்பதைத் தண்டனைக்குரிய குற்றமாக்கித் தமிழக அரசு அவசரச் சட்டம் பிறப்பித்தது. அத்தாக்குதலில் ஈடுபட்டோர் தம் ஊரைக் காப்பதாகவே எண்ணியிருக்கலாம். அறியாமையோடு அச்சம் சேரும்போது, காக்கும் எண்ணமும் கொடுமையாக முடியும்.

யாரால் விலகி நிற்க இயலும்?

வீட்டிலேயே இருப்பதற்கு முதலில் வீடு வேண்டும். ஓர் அறையில் அறுவர் வாழும் குடும்பத்தில் ஆறடிக்கு இடமில்லை. பொதுக்குழாயை நம்பியிருப்பவர் அடிக்கடி கைகழுவுதல் எங்ஙனம்? திருத்தணி போன்ற கோயில் ஊர்களில் பூ விற்போர், தேங்காய்க் கடைக்காரர், முடி மழிப்போர், ஆட்டோ ஓட்டுநர், விடுதிப் பணியாளர் என ஆயிரம் அடுப்புகள் வருகின்ற கூட்டத்தை நம்பியே எரிகின்றன. படிகள் வெறிச்சோடினால் அவ்வடுப்புகளும் அணையும். சுற்றுவட்டாரத்தில் விசைத்தறியை நம்பியிருப்போர் நூல் வரவின்றியும் விற்பனையின்றியும் தவித்தனர்.

ஆதலின் இடைவெளி என்பது அனைவரிடமும் ஒரே விலையைக் கேட்பதில்லை. சிலர்க்கு அது சலிப்பு, சிலர்க்குப் பசி. அம்மா உணவகங்களும், சமைத்து வழங்கிய தன்னார்வலரும், வாடகையை விட்டுக்கொடுத்த வீட்டு உரிமையாளரும் அந்த விலையைப் பகிர்ந்துகொண்டவர்கள். விலகி நிற்கச் சொல்லும் உரிமை, விலகி நிற்பவரைத் தாங்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது.

சட்டமும் நெஞ்சமும்

2020 செப்டம்பரில் தமிழக அரசு அபராதங்களை வரையறுத்தது. பொது இடத்தில் முகக்கவசம் அணியாதவர்க்கு 200 ரூபாய்; எச்சில் துப்பியவர்க்கும் இடைவெளி பேணாதவர்க்கும் 500 ரூபாய். சட்டம் தேவை. ஆனால், அச்சத்தால் அணிந்த முகக்கவசம் காவலர் கண்மறைந்ததும் தாடைக்கு இறங்கிவிடும். பிறர்மீது கொண்ட அக்கறையால் அணிந்தது இறங்காது.

வரலாறு இரு திசைகளிலும் எச்சரிக்கிறது. 1897இல் புனே நகரில் பிளேக் தடுப்பின் பெயரால் படைவீரர்கள் வீடுகளுக்குள் புகுந்து மக்களை இழிவுபடுத்தினர். சினம் மூண்டு, பிளேக் அதிகாரி சுட்டுக் கொல்லப்படும் அளவுக்கு அது முற்றியது. கட்டாயம் நம்பிக்கையைக் கொன்றதற்கு இது சான்று. 1918இல் இன்புளூயன்சா பரவியபோது அமெரிக்காவின் பிலடெல்பியா நகரம் பெரும் ஊர்வலம் ஒன்றைக் கைவிட மறுத்தது. சில நாள்களில் மருத்துவமனைகள் நிரம்பின. விரைந்து பொதுக்கூட்டங்களைத் தடைசெய்த செயின்ட் லூயிஸ் நகரில் இறப்பு பெரிதும் குறைவு. கட்டுப்பாடின்மை உயிரைக் கொன்றதற்கு இது சான்று. இவ்விரண்டுக்கும் நடுவே செல்லும் வழி, காரணத்தைச் சொல்லி மக்களின் இசைவைப் பெறும் வழியாகும்.

மீண்டும் படிகளில்

2020 செப்டம்பர் 1 அன்று தமிழகக் கோயில்கள் கட்டுப்பாடுகளுடன் திறக்கப்பட்டன. 2021 சனவரியில் தடுப்பூசி வந்தது. எனினும் அவ்வாண்டின் நடுவே வீசிய இரண்டாம் அலை, முதல் அலையினும் கொடியதாக இருந்தது. அரசுக் கணக்கின்படி தமிழகத்தில் மட்டும் 38 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைக் கொரோனா கொண்டுசென்றது. நோய் தணிந்துவிட்டது என எண்ணிக் கட்டுப்பாட்டைக் கைவிட்ட காலங்களுக்கும் அவ்விழப்பில் பங்குண்டு.

இன்று தணிகைப் படிகளில் மீண்டும் காவடிகள் ஆடுகின்றன. முன்னே ஏறும் முதியவருக்குப் பின்னே வரும் இளைஞர் கைகொடுக்கிறார். அக்கை நீள்வதும் அன்பே. அன்று அது நீளாதிருந்ததும் அன்பே. எப்போது நெருங்குவது, எப்போது விலகுவது என்று அறிந்து, இரண்டையும் பிறர் நலம் கருதிச் செய்வதே பொதுவாழ்வின் ஒழுக்கம். அவ்வாறு விலகினர் பலர். அதனால் தாம் அறியாத பலரைக் காத்தனர்.

சொல்லும் பொருளும்

தீநுண்மி – நோய் உண்டாக்கும் மிக நுண்ணிய துகள்
திவலை – துளி
பெருந்தொற்று – உலகின் பல பகுதிகளிலும் பரவும் நோய்
இசைவு – உடன்பாடு

இலக்கணக் குறிப்பு

காணாத திருவிழா – எதிர்மறைப் பெயரெச்சம்

பகுபத உறுப்பிலக்கணம்

விலகினர் – விலகு + இன் + அர்
விலகு – பகுதி; இன் – இறந்தகால இடைநிலை; அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

காத்தனர் – கா + த் + த் + அன் + அர்
கா – பகுதி. த் – சந்தி. த் – இறந்தகால இடைநிலை. அன் – சாரியை. அர் – பலர்பால் வினைமுற்று விகுதி

புணர்ச்சி விதி

பெருந்தொற்று – பெருமை + தொற்று
‘ஈறுபோதல்’ என்னும் விதிப்படி, பெரு + தொற்று
‘இனமிகல்’ என்னும் விதிப்படி, பெருந்தொற்று

குறுவினா

1. ஆறடி இடைவெளி வலியுறுத்தப்பட்டதன் காரணம் யாது?
2. திருத்தணி எந்நாளில் சென்னை மாநிலத்துடன் இணைந்தது?

சிறுவினா

1. விலகுதல், விலக்குதல் – வேறுபடுத்துக.
2. ‘தம் முறை உறுதியாக வரும் என்று நம்புகிறவர் முந்துவதில்லை’ – பாடப்பகுதியின் துணைகொண்டு விளக்குக.

நெடுவினா

‘இடைவெளி அனைவரிடமும் ஒரே விலையைக் கேட்பதில்லை’ – இக்கருத்தை உங்கள் ஊரின் ஊரடங்கு நாள்களோடு ஒப்பிட்டுக் கட்டுரைக்க.

கற்பவை கற்றபின்

ஊரடங்கின்போது தொழில் இழந்த ஒருவரையும், பொதுப்பணி ஆற்றிய ஒருவரையும் சந்தித்து உரையாடுக. அவர்தம் பட்டறிவைத் தொகுத்து, ‘இனியொரு தொற்று வந்தால் எங்கள் ஊர் என்ன செய்யவேண்டும்’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.