நண்பனை வெளியே அனுப்பு

அன்புள்ள தம்பிக்கு,

உன் முதல் படம் பார்த்தேன். "ஜோக்கெல்லாம் நல்லாத்தானே எழுதினோம், ஜனங்க ஏன் சிரிக்கலை?" என்று கேட்டிருந்தாய். ஜோக்கில் பெரிய குறையில்லை. அவை காதலுக்கு வெளியே நிற்கின்றன, கோளாறு அங்கேதான்.

உன் நாயகனும் நாயகியும் பேச ஆரம்பித்ததும் ஒரு நண்பன் பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறான். அவர்கள் ஒரு வரி பேசினால் அவன் ஒரு கவுண்ட்டர் கொடுக்கிறான். முதல் ரீல் வரை சிரிப்பு வருகிறது. அப்புறம் அவன் வாயைத் திறக்கும் முன்பே என்ன வரப்போகிறது என்று தியேட்டருக்குத் தெரிந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, அவன் பேசி முடிக்கும் வரை காதல் அங்கேயே காத்துக் கிடக்கிறது.

இது நம் சினிமாவின் பழைய வழக்கம். என்.எஸ். கிருஷ்ணன் காலத்திலிருந்து கவுண்டமணி – செந்தில் காலம் வரை காமெடி தனி ட்ராக். ஏ. வீரப்பன் போல அதற்கென்றே எழுதியவர்களும் இருந்தார்கள். 'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழக் காட்சியைக் கதையிலிருந்து பிரித்தெடுத்துப் போட்டாலும் இன்றைக்கும் சிரிக்கலாம். அந்த ஏற்பாட்டில், சிரிக்கவைக்கும் பொறுப்பு காதலர்களுக்குக் கிடையாது. நீயோ ட்ராக்கைத் தூக்கிவிட்டு, அதிலிருந்த ஆளை மட்டும் நாயகன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டாய்.

'காதலிக்க நேரமில்லை' (1964) படத்தை மறுபடி பார். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் ஜோக் அடிப்பவர் யார்? ஒருவருமில்லை. நாகேஷின் செல்லப்பாவுக்குப் படமெடுக்க அப்பா பாலையாவின் பணம் வேண்டும். அதனால் உயிரைக் கொடுத்துக் கதை சொல்கிறான். அப்பா நிஜமாகவே நடுங்குகிறார்.

உனக்கு வேண்டிய பாடம் அதே படத்தில் முத்துராமனிடம் இருக்கிறது. நண்பனின் காதலைக் கரைசேர்க்க, அவனுடைய பணக்காரத் தந்தையாக வேஷம் போட்டுப் பெண் வீட்டுக்கு வருகிறான் வாசு. வந்து பார்த்தால், தான் காதலிக்கும் பெண்ணும் அந்த வீட்டு மகள்தான். வேஷத்தைக் கலைத்தால் நண்பனின் கல்யாணம் கெடும். கலைக்காவிட்டால் தன் காதல் கெடும். படத்தை எழுதிய ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் நம்பியது அந்த இக்கட்டை. அங்கேயும் நண்பன் உண்டு. ஆனால் அவனுக்கென்று ஒரு காதல் உண்டு, இழப்பதற்கும் ஏதோ உண்டு.

அடுத்து, உன் நாயகி. மற்றவர்கள் சொல்வதற்கெல்லாம் அவள் அழகாகச் சிரிக்கிறாள். அவளால் யாருக்கும் சிரிப்பு வருவதில்லை. 'மிஸ்ஸியம்மா' (1955) மேரியை நினைத்துப் பார். வேலைக்காக, முன்பின் பழகாத ஒருவனோடு தம்பதி என்று பொய் சொல்லி ஆசிரியையாகச் சேர்கிறாள். கோபக்காரி. வேலை கொடுத்த வீட்டார் பாசம் காட்டக் காட்ட அவளுக்கு எரிச்சல் ஏறுகிறது. சாவித்திரியின் அந்த எரிச்சலில்தான் சிரிப்பு இருக்கிறது; காதலும் அதற்குள்ளிருந்தே முளைக்கிறது. மேரிக்குக் குணம் கொடுத்தார்கள். உன் நாயகிக்கு நீ காஸ்ட்யூம் கொடுத்திருக்கிறாய்.

அப்பா, மாமா, ஹவுஸ் ஓனர், டெலிவரி பையன் என்று உன் படத்தில் வருகிற எல்லோருமே கிறுக்கர்கள். ஹோவர்ட் ஹாக்ஸின் 'பிரிங்கிங் அப் பேபி' (1938) இன்று கொண்டாடப்படுகிற படம். வெளியானபோது எதிர்பார்த்த அளவு போகவில்லை. படத்தில் இயல்பான ஆள் ஒருவர்கூட இல்லாமல் போனது தன் தவறு என்று ஹாக்ஸே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். கிறுக்குத்தனத்தைப் பார்த்துத் திகைக்க ஒருவராவது வேண்டாமா?

எடிட்டிங்கில் உனக்குப் பொறுமை இல்லை. 'சம் லைக் இட் ஹாட்' (1959) படத்தில், பெண் வேஷத்திலிருக்கும் ஜாக் லெமன் தனக்கு ஒரு கோடீஸ்வரனோடு நிச்சயமான சேதியை நண்பனிடம் சொல்கிறார். இயக்குநர் பில்லி வைல்டர் அவர் கையில் இரண்டு மரக்காஸ் கிலுகிலுப்பைகளைக் கொடுத்துவிட்டார். வரிக்கு வரி அவர் அவற்றைக் குலுக்கி ஆடுகிறார். தியேட்டர் சிரித்து ஓயும் வரை அடுத்த வசனம் வருவதில்லை. உன் படத்தில் சிரிக்க இடமே இல்லை. கொஞ்சம் இடம் கிடைத்தாலும் அங்கே பின்னணி இசை 'டொய்ங்' என்று குதிக்கிறது. சிரிக்கச் சொல்லி இசை கட்டளையிட்டால் ஜனங்கள் முறைத்துக்கொள்வார்கள்.

ஒரு காட்சியில் மட்டும் தியேட்டரே சிரித்தது. சொல்ல வந்த காதலைச் சொல்ல முடியாமல், அவள் அப்பா நீட்டுகிற காபியை நாயகன் திரும்பத் திரும்ப வாங்கிக் குடிக்கிறானே, அது. நாயகனுக்கு ஒன்று வேண்டும்; கேட்க வாய் வரவில்லை. அப்பா சாதாரண மனுஷர். பையனுக்குக் காபி ரொம்பப் பிடிக்கும்போல என்று நம்புகிறார். நண்பன் அந்தக் காட்சியில் இல்லை. அதை எழுதியவனும் நீதான். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

அடுத்த கதையை நண்பன் இல்லாமல் எழுது. ஜோக் என்று தோன்றுகிற வரிகளை அடித்துவிட்டு, மிச்சத்தைச் சினிமாவுக்குச் சம்பந்தமில்லாத நாலு பேருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு. எந்த இடத்தில் சிரிக்கிறார்களோ அந்த இடத்தை வளர்த்துக்கொள்; எங்கே போனை எடுக்கிறார்களோ அங்கே வெட்டு. அதற்கப்புறமும் நண்பனுக்கு வேலை இருந்தால் தாராளமாகக் கூப்பிடு. வரும்போது அவனும் எதற்காவது தவித்துக்கொண்டு வரட்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்