மகளின் முதல் சம்பளம்

தருமபுரி,
ஆவணி மாதம்.

அன்புத் தங்கைக்கு அண்ணன் எழுதிக்கொள்வது.  

உன் மகளுக்கு ஓசூர்ப் பக்கத்தில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் உத்தியோகம் கிடைத்து, அடுத்த மாதம் அவள் அங்குள்ள விடுதியில் தங்கி வேலை பார்க்கப் போகிறாள் என்று நீ சொன்ன செய்தி எனக்கு அளவற்ற ஆனந்தத்தைத் தந்தது. ஆயினும் அதே மூச்சில், “ஏ.டி.எம். கார்டை நானே வைத்துக்கொள்கிறேன், அண்ணா, கைச்செலவுக்கு வேண்டியதை அனுப்பிவிட்டு மீதியை நகையாகச் சேர்த்தால் மூன்று வருஷத்தில் கல்யாணக் கவலை தீரும்” என்று நீ சொன்னதிலிருந்து என் மனம் அதையே சுற்றிக்கொண்டிருக்கிறது. போனில் பேசித் தீர்க்கும் விஷயமாகத் தோன்றாததால் கடிதம் எழுதுகிறேன்.

உன் எண்ணத்தில் குற்றம் காண்பது என் நோக்கமன்று. மழையை நம்பிக் கேழ்வரகும் துவரையும் விதைத்து, மழை பொய்த்த வருஷங்களில் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய், வாங்கிய கடன் கழிகிறவரையில் கூலியைக் கண்ணால் காணாமலே உழைத்த குடும்பத்தில் பிறந்தவர்கள் நாம். கைக்கு வந்த பணத்தை உடனே பொன்னாக்கிப் பூட்டிவிட வேண்டுமென்ற பயம் உனக்கு இருப்பது இயல்பே. ஆனால் இந்த ஏற்பாடு எங்கே போய் முடியும் என்று சற்று யோசித்துப் பார். நாள் முழுவதும் இயந்திரத்தின் முன் நின்று, அணுவளவு பாகங்களைப் பிசகாமல் பொருத்தும் பொறுப்புக்குத் தகுதியானவள் என்று ஊரார் மதிக்கும் பத்தொன்பது வயதுப் பெண், தன் சம்பாத்தியத்தில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்க உன் அனுமதிக்காகக் காத்திருப்பாள். இன்று தாயிடம் இருக்கும் கார்டு கல்யாணமான மறுமாதமே கணவனிடம் போய்ச் சேரும். அவள் கைக்கு அது ஒருநாளும் வராது.

பெண்கள் தம் பணத்தைத் தாமே ஆளும் விஷயத்தில் நமக்கு வெளியூரார் பாடம் சொல்லவேண்டிய அவசியமில்லை. அரசாங்கத் திட்டமாகத் தமிழ்நாட்டில் பெண்கள் சுய உதவிக் குழுக்கள் முதன்முதலில் தொடங்கப்பட்டது, கிருஷ்ணகிரியும் சேர்ந்திருந்த நம் பழைய தருமபுரி மாவட்டத்தில்தான். 1989-இல், சர்வதேச வேளாண்மை வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் இங்கே ஆரம்பித்த அந்த முயற்சி, பிறகு சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவி, 1997-98-இல் மகளிர் திட்டமாகி, படிப்படியாக மாநிலம் முழுவதையும் எட்டியது.

நம் அம்மா அப்படியொரு சங்கத்தில் சேர்ந்தபோது நீ சிறு குழந்தை. உனக்கு அவ்வளவாக ஞாபகம் இராது. மாரியம்மன் கோயில் திண்ணையில் வாரத்துக்கு ஒரு சாயங்காலம் கூடுவார்கள். தகரப் பெட்டி ஒரு வீட்டில் இருக்கும். அதன் சாவி வேறொரு வீட்டில் இருக்கும். இருவரும் வந்தாலொழியப் பெட்டி திறக்காது. ஒவ்வொருத்தியும் முந்தானை முடிச்சை அவிழ்த்துத் தன் சந்தாவை எண்ணி வைப்பாள். கூட்டத்தார் நடுவே தொகையை உரக்கச் சொல்லி நோட்டில் எழுதுவார்கள். கடன் கேட்டால் எதற்கென்று அத்தனை பேர் முன்னிலையிலும் சொல்லவேண்டும். நூற்றுக்கு இரண்டு வட்டிதான். அந்த வட்டியும் வெளியே போகாமல் அதே பெட்டிக்குத் திரும்பி எல்லாருக்கும் பொதுச் சொத்தாயிற்று. எழுத்தறியாத அம்மா, யார் எத்தனை தவணை பாக்கி என்பதை மனத்திலேயே வைத்திருந்து, நோட்டில் விழுந்த தப்பையும் ஒருமுறை கண்டுபிடித்துச் சொன்னாள்.

இதில் நான் மிகவும் வியந்து நினைப்பது ஒன்றுண்டு. சங்கம் அமைக்க வந்த படித்த பெண்கள், “உங்களுக்குக் கணக்குத் தெரியாது, பெட்டி எங்களிடம் இருக்கட்டும்” என்று சொல்லியிருக்கலாம், சொல்லியிருந்தால் பணம் பத்திரமாகவே இருந்திருக்கும், கணக்கும் பிசகியிராது, ஆனால் நம் அம்மா கடைசிவரை கைநாட்டாகவே இருந்திருப்பாள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்களிடமே பெட்டியை விட்டுவைத்து, அவர்கள் பிசகும்போது பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொடுத்த அந்தப் பெருந்தன்மையால்தான், சில வருஷங்களில் பாங்கி மானேஜர் எதிரே நாற்காலியில் அமர்ந்து பேசும் தைரியம் அவளுக்கு வந்தது. அம்மாவுக்கு அந்நியர் காட்டிய நம்பிக்கையை உன் மகளுக்கு நீ காட்டலாகாதா?

புதுமைப் பெண் திட்டத்தில் டிப்ளமா முடிக்கும்வரை மாதந்தோறும் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில்தான் விழுந்தது. அதை எடுத்தது நீ, செலவழித்தது வீடு. அந்தச் சமயத்தில் அது தவிர்க்க முடியாததாக இருந்திருக்கலாம். இனி அப்படி வேண்டாம்.

வீட்டுக்கு அவள் கொடுக்கவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கொடுக்கட்டும்; ஆனால் எவ்வளவு என்பதை நீயும் மாப்பிள்ளையும் அவளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்; அதை அவளே அனுப்பட்டும். மீதியில் அவள் தப்பாக ஏதேனும் வாங்கிவிட்டு மாதக் கடைசியில் திண்டாடினால், திட்டாதே, உடனே பணமும் அனுப்பாதே. எங்கே போயிற்று என்று அவளையே எழுதிப் பார்க்கச் சொல். ஆயிரம் ரூபாயில் செய்கிற தவறு, பிற்காலத்தில் லட்ச ரூபாயில் செய்யாமலிருக்க அவளைக் காக்கும்.

முதல் சம்பளச் சீட்டை அவளோடு வரிவரியாகப் படி. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் 12 சதவீதம் பி.எஃப். என்று பிடிப்பார்கள், அதே அளவு முதலாளியும் செலுத்தவேண்டும். அது நஷ்டமன்று. வேலை மாறும்போதெல்லாம் அந்தப் பணத்தை வாங்கிச் செலவழித்துவிடுவது நம் பிள்ளைகளிடம் பெருகியுள்ள வழக்கம்; பி.எஃப். கணக்குக்குரிய யு.ஏ.என். எண் ஒன்றுதான், அதைப் புதிய கம்பெனிக்கும் கொடுத்துக் கணக்கைத் தொடரச் செய்யவேண்டும். பத்தாண்டுச் சேவை நிரம்பினால் முதுமையில் பென்ஷனுக்கு உரிமை உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் இ.எஸ்.ஐ. என்று 0.75 சதவீதம் போகும். உடம்புக்கு வந்தால் வைத்தியச் செலவுக்குக் கடன் வாங்காதபடி காப்பது அதுதான்.

கடனைப் பற்றி மட்டும் கண்டிப்பாகவே பேசு. செல்போனில் ஐந்து நிமிஷத்தில் பணம் தருகிறேன் என்கிற செயலிகளை அவள் தொடவே கூடாது. அவற்றில் பல, போனில் உள்ள எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு, தவணை தப்பினால் உற்றார் உறவினருக்கெல்லாம் செய்தி அனுப்பி மானத்தை வாங்குகின்றன. மாதம் நூற்றுக்கு மூன்று என்று யாராவது சொன்னால் அது வருஷத்துக்கு முப்பத்தாறு என்று அவள் மனம் உடனே கணக்கிட வேண்டும். அறைத்தோழிக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுவதும், 1982-ஆம் வருஷச் சட்டப்படி பதிவாகாத சீட்டில் சேருவதும் ஆகாது.

நகையைப் பற்றி உனக்கும் எனக்கும் அபிப்பிராய பேதம் உண்டு. அதை நீ அறிவாய். செய்கூலி, சேதாரம், வரி என்று வாங்கும் அன்றே ஒரு பங்கு கரைந்துபோகும் ஆபரணத்தில் அவள் உழைப்பு முழுவதையும் போடாதே என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். தபால் நிலையத்தில் மாதம் 2,000 ரூபாய் வீதம் ஐந்து வருஷம் கட்டினால், இப்போதைய 6.7 சதவீத வட்டியில், செலுத்திய 1,20,000 ரூபாய் ஏறத்தாழ 1,42,700 ஆகும். கல்யாணமோ மேற்படிப்போ, அது எதற்கென்று அப்போது அவள் தீர்மானிக்கட்டும். மூன்று மாதச் செலவுக்கான தொகை மாத்திரம் பாங்கியில் எப்போதும் தனியாக இருக்கவேண்டும். வேலை போனாலும் யாரிடமும் அட்வான்ஸ் வாங்கும் நிலை அவளுக்கு வரலாகாது.

வருகிற சனிக்கிழமை காலையில் நான் பென்னாகரம் வருகிறேன். மாப்பிள்ளைக்கு இதில் மனவருத்தம் இருந்தால் நானே பேசிக்கொள்கிறேன். அவளைத் தபால் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு வா. ஆதார் அட்டையும் பான் அட்டையும் இரண்டு போட்டோவும் எடுத்துவரச் சொல். கணக்குத் தொடங்கும் படிவத்தை அவளே பூர்த்தி செய்யட்டும். நியமனதாரர் என்ற இடத்தில் உன் பெயரை எழுதட்டும். தாய்மாமன் சீராக முதல் தவணையை நான் கட்டுகிறேன். இரண்டாவது தவணை அவள் சம்பளத்திலிருந்து.

உன் நலத்தை என்றும் விரும்பும்,
அண்ணன்.