குழல் விளக்கை அணைப்பது இலாபமா, நட்டமா?

"ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவோம், விளக்கு எரியட்டும். மறுபடி போட்டால்தான் மின்சாரத்தை அதிகம் இழுக்கும்!" பல வீடுகளில் இப்படிச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இது உண்மையா? கணக்குப் போட்டுப் பார்ப்போம், மாணவர்களே.

விளக்கு எப்படி எரிகிறது?

குழலுக்குள் மிகக் குறைந்த அழுத்தத்தில் ஆர்கான் போன்ற மந்த வாயுவும் சிறிதளவு பாதரச ஆவியும் உள்ளன. சுவிட்சைத் தட்டியதும் ஸ்டார்ட்டர் வழியாக மின்சாரம் பாய்ந்து, குழலின் இரு முனைகளிலும் உள்ள மின்னிழைகளைச் சூடாக்குகிறது. ஸ்டார்ட்டர் திறந்துகொள்ளும் கணத்தில் சோக் ஓர் உயர் மின்னழுத்தத் துடிப்பைக் கொடுக்க, குழலுக்குள் மின்னோட்டம் தொடங்குகிறது. விரையும் எலெக்ட்ரான்கள் பாதரச அணுக்களின் மேல் மோதுகின்றன. அணுக்கள் புற ஊதாக் கதிரை வெளியிடுகின்றன. அது நம் கண்ணுக்குத் தெரியாது. குழலின் உட்சுவரில் பூசப்பட்ட பாஸ்பர் என்னும் ஒளிர்பொருள் அதை உறிஞ்சி, வெள்ளொளியாக மாற்றித் தருகிறது.

கணக்கு என்ன சொல்கிறது?

நான்கு அடி நீளக் குழல் 36 வாட். பழைய வகை சோக் எடுத்துக்கொள்வதையும் சேர்த்தால் சுமார் 45 வாட். அரை மணி நேரம் எரிந்தால் 22.5 வாட் மணி, அதாவது 81,000 ஜூல் செலவாகும்.

ஒருமுறை போடுவதற்கே இவ்வளவு ஆற்றல் தேவை என்று வைத்துக்கொள்வோம். விளக்கு பற்றிக்கொள்ள 3 விநாடி ஆகிறது என்றால், திறன் 81,000 ÷ 3 = 27,000 வாட். 230 வோல்ட்டில் மின்னோட்டம் ஏறக்குறைய 117 ஆம்பியர்! வீட்டு விளக்குகளுக்கான மின்துண்டிப்பான் வழக்கமாக 6 அல்லது 10 ஆம்பியர்தான். ஒவ்வொரு முறை விளக்கைப் போடும்போதும் அது விழுந்துவிட வேண்டுமே? விழுவதில்லை. உண்மையில் தொடக்கத்துக்கு ஆகும் ஆற்றல், விளக்கு சில விநாடிகள் எரிவதற்கு ஆகும் அளவுதான்.

ஆனாலும் அந்தப் பேச்சில் பாதி உண்மை உண்டு. ஒவ்வொரு தொடக்கத்திலும் மின்னிழையின் மேற்பூச்சு சிறிது தேய்கிறது. குழலின் முனைகள் கறுப்பது இதனால்தான். அடிக்கடி போட்டு அணைத்தால் மின்கட்டணம் ஏறாது; குழலின் ஆயுள்தான் குறையும். இரண்டையும் சீர்தூக்கிப் பார்த்து, 15 நிமிடத்துக்கு மேல் வெளியே சென்றால் அணைப்பது நல்லது என்பது பொதுவான பரிந்துரை.

வீட்டில் என்ன செய்யலாம்?

• குழலிலும் அதன் மூடியிலும் படியும் தூசி ஒளியைத் தடுக்கும். விளக்கை அணைத்து, ஆறிய பின் உலர்ந்த துணியால் துடையுங்கள்.
• வெளிர்நிறச் சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பும். அடர்நிறச் சுவர் விழுங்கிவிடும்.
• விளக்கு விட்டுவிட்டு மின்னினால் முதலில் ஸ்டார்ட்டரை மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே விட்டால் குழலின் முனைகள் வேகமாகக் கெடும்.
• மின்னணு சோக்கில் வெப்பமாக வீணாகும் ஆற்றல் குறைவு, விளக்கும் சிமிட்டாது.
• குழல் உடைந்தால் சன்னல்களைத் திறந்து, சிறிது நேரம் அறையை விட்டு வெளியேறுங்கள். துகள்களை வெறுங்கையால் தொடாதீர்கள். தூசி உறிஞ்சியையும் பயன்படுத்தாதீர்கள். பாதரசம் நச்சு.

பாதரசத்தின் காரணமாகவே, மினமாத்தா உடன்படிக்கை நாடுகள் 2023இல் கூடி, குழல் விளக்குகளின் தயாரிப்பையும் ஏற்றுமதி இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த முடிவு செய்தன. ஆகவே வீட்டுக் குழல் பழுதானால் எல்.இ.டி. குழலுக்கு மாறலாம். சுமார் 18 வாட்டில் ஏறக்குறைய அதே வெளிச்சம் கிடைக்கும்.

நீங்களே சோதியுங்கள்

மின்மானியில் சிமிட்டும் சிறு விளக்கைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் 1,000 துடிப்பு ஒரு கிலோவாட் மணி என்று குறித்திருந்தால், ஒரு சிமிட்டல் ஒரு வாட் மணிக்குச் சமம். பெற்றோரின் அனுமதியுடன் மற்ற மின்சாதனங்களைச் சில நிமிடம் நிறுத்திவிட்டு, ஒரு குழல் விளக்கை மட்டும் போடுங்கள். 45 வாட் என்றால் 80 விநாடிக்கு ஒரு சிமிட்டல் வர வேண்டும். அணைத்து மீண்டும் போடும்போது, 22 சிமிட்டல்கள் சடசடவென்று வருகின்றனவா என்று பாருங்கள். விடையை மின்மானியே சொல்லும்.