வெண்மை கிரேக்கர் விருப்பமல்ல

அன்புள்ள தம்பிக்கு,

கட்டுரை கிடைத்தது. நடை நன்றாகவே இருக்கிறது. ஆனால் கிரேக்கர்கள் வண்ணத்தை ஒதுக்கிப் பளிங்கின் வெண்மையிலேயே அழகு கண்டவர்கள் என்று ஒரு வரி போட்டிருக்கிறாயே, அதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீ அருங்காட்சியகத்தில் பார்த்தது சாயம் போன சிலைகளை.

பாரசீகர்கள் கி.மு. 480இல் ஏதென்ஸின் அக்ரோபொலிஸைச் சூறையாடினார்கள். உடைந்த சிலைகளை ஊர்க்காரர்கள் அந்தக் குன்றிலேயே புதைத்தார்கள். 1886இல் தோண்டியபோது கிடைத்தவற்றில் ஒன்று ‘பெப்லோஸ் கோரே’, ஏறத்தாழ கி.மு. 530ஐச் சேர்ந்த பெண் சிலை. வெயிலும் மழையும் படாததால் உதட்டிலும் கண்ணிலும் கூந்தலிலும் வண்ணம் தங்கியிருந்தது. பெப்லோஸ் என்பது அவள் உடுத்தியதாக நினைத்த ஆடையின் பெயர். பின்னாளில் ஜெர்மன் ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன், சாய்வொளியிலும் புற ஊதாக் கதிரிலும் ஆராய்ந்து, ஆடையின் முன்புறத்தில் விலங்கு வரிசைகள் தீட்டப்பட்டிருந்ததைக் காட்டினார். அப்படிப்பட்ட ஆடை தெய்வத்துக்குரியது என்பது அவர் வாதம். மறுப்பவர்கள் உண்டு, நான் அவர் கட்சி. எந்தக் கட்சி வென்றாலும் சரி, அவள் மானிடப் பெண்ணா தெய்வமா என்ற வழக்கில் வண்ணமும் சாட்சி சொல்கிறது. வண்ணத்தை மேற்பூச்சு என்று இனி நீ சொல்லக் கூடாது. சிலை யாருடையது என்பதையே அது சொல்கிறது.

பழைய ரோமானிய எழுத்தாளர் பிளினியின் ‘இயற்கை வரலாற்றை’ ஏதோ ஒரு கனிமத்தைத் தேடித்தான் பிரித்தேன். தேடியது மறந்துபோய் 35ஆம் நூலில் மூழ்கிவிட்டேன். தம் பளிங்குச் சிலைகளில் எவை தமக்குப் பிடித்தவை என்று கேட்டதற்கு, நிக்கியாஸ் கைவைத்தவை என்றாராம் பிராக்ஸிட்டலீஸ். நிக்கியாஸ் சிற்பியல்ல, ஓவியர்! ஒரு மகாசிற்பி தன் உளிக்குக் கொடுக்காத மதிப்பைத் தூரிகைக்குக் கொடுத்திருக்கிறார். இதைப் படித்த பிறகும் வெண்மை, வெண்மை என்பவர்களை என்ன சொல்ல?

அந்த மயக்கம் மறுமலர்ச்சிக் காலத்தில் வேரூன்றியது. 1506இல் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்திலிருந்து லாவோகூன் சிலையை எடுத்தபோது மைக்கேலாஞ்சலோவே போய்ப் பார்த்தார். மண்ணிலிருந்து அப்படி எழுந்த சிலைகளில் கண்ணுக்குத் தெரிந்தது வெறும் கல். அதையே பழங்கலையின் இலக்கணமாக எடுத்துக்கொண்டார்கள். அதற்காக அக்காலத்தவர் எல்லாரும் வெண்மைப் பித்தர்கள் என்று எழுதிவிடாதே. ஃபிளாரன்ஸில் 1966 வெள்ளத்துக்குப் பிறகு, மறுமலர்ச்சிச் சிற்பி தொனத்தெல்லோவின் மரச்சிற்பமான மரிய மதலேனாளைச் சீர்செய்தார்கள். பழுப்புப் பூச்சை நீக்கியதும் உள்ளே வண்ணமும் கூந்தலில் பொன்னும் இருந்தன.

பிந்தியவர்கள் செய்ததுதான் கொடுமை. 1937-38இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸின் பார்த்தினான் கோயில் சிற்பங்களை வெண்மையாக்குவதற்காகச் செம்புக் கருவிகளால் சுரண்டினார்கள். சுரண்டிய இடங்களில் கல்லின் மேல்தோலே போயிற்று.

இப்போது வண்ணம் தீட்டிக் காட்டும் மாதிரிகளையும் அப்படியே நம்பிவிடாதே. எகிப்திய நீலம் துளி மிஞ்சியிருந்தாலும் அகச்சிவப்புக் கேமராவில் ஒளிரும். அதனால் நீலம் எங்கே இருந்தது என்று சொல்ல முடிகிறது. அதை எவ்வளவு மெல்லியதாக இழைத்தார்கள் என்று எந்தக் கேமரா சொல்லும்? சில மாதிரிகள் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி தட்டையாக இருக்கின்றன. நிக்கியாஸ் அப்படிப் பூசியிருந்தால் பிராக்ஸிட்டலீஸ் அவரை வாசலோடு அனுப்பியிருப்பார்.

அந்த வரியை அடித்துவிடு. ‘கிரேக்கர்கள்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், எந்தச் சிலை, எங்கே கிடந்தது, அதில் என்ன மிஞ்சியது என்று எழுதி அனுப்பு. படித்துவிட்டு மறுபடியும் திட்டுகிறேன்.

அன்புடன்,
உன் ஆசிரியர்