பெரிதாக்கிய எழுத்தும் குறுகிய பெட்டியும்: கணினி இடைமுகங்களில் தமிழ்ச் சொல்லிறுதியின் இழப்பு

திறவுச்சொற்கள்: இடைமுகம், எழுத்தளவு, குறைபார்வை, விகுதி, கீழ்விலங்கு, புள்ளி

முன்னுரை

கண் மருத்துவத்தாலும் பார்வையற்றோர் நலப்பணியாலும் பெயர்பெற்ற நகரம் மதுரை. மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையும், எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் நிறுவிய இந்தியப் பார்வையற்றோர் சங்கமும் இந்நகரில் தோன்றியவை. கணினியைப் பொறுத்தவரை, முற்றிலும் பார்வையற்றோர்க்குத் திரைபடிப்பான் துணைசெய்கிறது. அது எழுத்தை ஒலியாக்கித் தருகிறது. குறைபார்வை உடையோரின் நிலை வேறு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இயன்ற திருத்தங்கள் அனைத்தும் செய்த பின்னும் சிறந்த கண்ணின் கூர்மை 6/18க்குக் கீழ் 3/60 வரை இருப்பதைக் குறைபார்வை என வரையறுக்கிறது. இவர்கள் கண்ணால் படிக்க விரும்புபவர்கள், படிக்க இயன்றவர்கள். எழுத்துப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதே இவர்களின் தேவை. நாற்பது வயதைக் கடந்தோர்க்கு வரும் வெள்ளெழுத்தையும் இதனோடு சேர்த்தால், மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் கணினிமுன் அமர்ந்து பணிபுரிவோரில் பலரையும் இச்சிக்கல் தொடுகிறது. (கண்ணின் குறையை எழுத்தின் பெயராலேயே தமிழ் வழங்குவது நோக்கத்தக்கது.)

எழுத்தளவு கூடும்போது இடைமுகம் குலைவதைப் பொறியியலார் இடப்பற்றாக்குறையாகக் கருதுவர். தமிழில் இழப்பு இடத்தோடு நிற்பதில்லை. ஏவல், மறுப்பு, காலம் முதலிய இலக்கணப் பொருள்களைத் தாங்கும் சொல்லிறுதியே முதலில் மறைகிறது என்பதையும், அதற்கான காரணம் எழுத்தமைப்பிலும் சொல்லமைப்பிலும் உள்ளது என்பதையும் இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

பெட்டியை அளந்த எழுத்து

திரையைப் பெரிதாக்க இருவழிகள் உள்ளன. உருப்பெருக்கி திரையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் காட்டும்; படிப்பவர் கைவிளக்கோடு இருட்டறையில் நடப்பவர் போல முழுமையை இழப்பார். எழுத்தை மட்டும் வளர்ப்பது மற்றொரு வழி. லினக்ஸ் சார்ந்த க்னோம் மேசைத்தளத்தில் ‘பெரிய எழுத்து’ என்னும் தெரிவு எழுத்தை 1.25 மடங்காக்குகிறது. விண்டோஸ் 10இன் 2018 அக்டோபர்ப் பதிப்பில், எழுத்தளவை 100 முதல் 225 விழுக்காடு வரை நகர்த்தும் வசதி சேர்க்கப்பட்டது. எழுத்து வளர, அதை ஏந்தும் பெட்டியும் வளருமா என்பதே கேள்வி.

விண்டோஸின் பழைய உரையாடல் பெட்டிகள் ‘உரையாடல் அலகு’ என்னும் அளவால் வரையப்பட்டவை. கிடைமட்ட அலகு என்பது எழுத்துருவின் சராசரி எழுத்தகலத்தில் நான்கிலொரு பங்கு. செங்குத்து அலகு என்பது எழுத்துயரத்தில் எட்டிலொரு பங்கு. அந்தச் சராசரியைக் கணக்கிட எடுத்துக்கொள்ளப்படுபவை ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள் 52. தமிழ் எழுத்து ஒன்றேனும் இக்கணக்கில் இல்லை. எழுத்துரு பெரிதானால் அலகும் பெரிதாகும் என்பது உண்மை. ஆயினும் ஆங்கிலச் சொல்லுக்குத் தைத்த சட்டையைப் பெரிதாக்கித் தமிழ்ச் சொல்லுக்கு மாட்டுவதாகவே அது முடிகிறது. க்னோம் தளத்தின் எழுத்தமைப்பு நூலகமான பாங்கோ, மொழிக்கொரு மாதிரித் தொடரை வைத்துக்கொண்டு சராசரி அகலத்தை மதிப்பிடுகிறது. அதன் பொத்தான்களும் பெட்டிகளும் உள்ளிருக்கும் சொல்லைக் கேட்டுத் தம் அளவை அமைத்துக்கொள்பவை. கோட்பாட்டளவில் இதுவே தமிழுக்கு ஏற்ற முறை. தமிழக அரசு 2011இல் மாணவர்க்கு வழங்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றதால், இவ்விரு முறைகளும் சிற்றூர் மாணவரின் ஒரே கணினியில் அருகருகே இருந்தன.

பெட்டியைப் பிக்சல் கணக்கில் நிலைநிறுத்திய செயலிகளைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவற்றில் எழுத்து வளரும், பெட்டி வளராது.

எழுத்தெண்ணிக்கை பெயர்ப்பாளரை ஏமாற்றுவதும் உண்டு. ‘சேமிக்கவும்’ என்பது கண்ணுக்கு ஆறு எழுத்து. ஒருங்குறியில் 11 குறியீடுகள். ‘சே’ என்னும் ஓரெழுத்து திரையில் இரண்டு வடிவங்களின் அகலத்தைக் கொள்கிறது. எழுத்து குறைவு என்று கருதி ஒதுக்கிய இடம் போதாமற் போவதன் காரணம் இதுவே. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தமும் இங்கு நினைக்கத்தக்கது. ணை, லை, ளை, னை ஆகியவற்றின் மேலெழும் துதிக்கை வடிவம் நீங்கித் தனி ஐகாரக் குறி வந்தபோது எழுத்தின் உயரம் குறைந்தது, அகலம் கூடியது. அச்சுக்கோப்போர்க்கு அது எளிமை. குறுகிய பொத்தானுக்கு அது சுமை.

கீழ்விலங்கும் புள்ளியும்

அகலத்துக்கு முன் உயரத்தை நோக்கவேண்டும். இகர ஈகாரங்கள் மேல்விலங்கு பெறுவன என்றும், உகர ஊகாரங்கள் கீழ்விலங்கு பெறுவன என்றும் தொல்காப்பிய உரையாசிரியர்கள் பகுத்தனர். திரையில் எழுத்து வளர்ந்து வரியின் உயரம் வளராதபோது வெட்டுப்படுபவை இவ்விலங்குகளே. இடைமுகத்தின் முதன்மை எழுத்துருவில் தமிழ் இல்லையெனில், இயங்குதளம் வேறோர் எழுத்துருவிலிருந்து தமிழ் வடிவங்களைக் கொணரும். வரியின் உயரமோ முதன்மை எழுத்துருவின் கணக்கிலேயே நிற்கலாம். எழுத்தளவு சிறிதாக இருக்கையில் ஓரிரு பிக்சல் மறைந்தால் தெரிவதில்லை. இருமடங்காகும்போது அதுவே ஒரு குறியின் இழப்பாகிறது.

பு, பூ; சு, சூ; யு, யூ; வு, வூ ஆகிய இணைகளின் வேறுபாடு முழுவதும் வரிக்குக் கீழே அமைந்தது. அப்பகுதி மறைந்தால் குறிலும் நெடிலும் அகரமேறிய மெய்யும் ஒன்றுபோலாகும். பட்டியின் முதலில் நிற்கும் ‘புதிய’ என்னும் சொல் கீழ்விலங்கை இழந்தால் ‘பதிய’ என்று நிற்கும். முன்னது புதுக் கோப்பைத் திறப்பது; பின்னது பதிவுசெய்வதைக் குறிப்பது. இரண்டும் பொருளுடைய சொற்கள் ஆதலால் பிழை இருப்பதே படிப்பவர்க்குத் தோன்றாது.

மேற்பகுதி வெட்டுப்பட்டால் புள்ளி போகிறது. இது தமிழறிஞர்க்குப் பழகிய நிலை. ஓலை கிழியும் என்றஞ்சிப் புள்ளியிடாது எழுதிய சுவடிகளைப் பதிப்பித்தோர், மெய்யையும் உயிர்மெய்யையும், எகர ஏகாரங்களையும் சூழலால் பிரித்தறிந்தனர். 1901இல் தோன்றிய மதுரைத் தமிழ்ச்சங்கம் சுவடிகளைத் திரட்டிய காலத்தில் அது புலமைக்குரிய உழைப்பு. யாப்பும் பொருட்டொடர்ச்சியும் அப்பதிப்பாசிரியர்க்குத் துணைநின்றன. பொத்தானின்மேல் தனித்து நிற்கும் ஒற்றைச் சொல்லுக்கு அத்தகைய சூழல் இல்லை.

சொல்லிறுதியின் இழப்பு

இடம் போதாதபோது இடைமுகம் சொல்லின் இறுதியை வெட்டி மூன்று புள்ளிகளை இடுவது வழக்கம். ஆங்கிலத்தில் இதனால் விளையும் தீமை ஓரளவே. மறுப்பைக் காட்டும் சொல் அம்மொழியில் வினைக்கு முன் வருகிறது. ஆகவே சேமிப்பதற்கான பொத்தானும் சேமிக்காமைக்கான பொத்தானும் முதலெழுத்திலேயே வேறுபடுகின்றன.

தமிழ் இதற்கு நேர்மாறானது. நன்னூலின் பதவியல் கூறும் பகுபத உறுப்புகள் ஆறனுள், பொதுப்பொருளைத் தருவது முதலில் நிற்கும் பகுதி; காலத்தை இடைநிலையும், திணை, பால், எண், இடம், ஏவல், வியங்கோள் முதலியவற்றை விகுதியும் காட்டுகின்றன. ‘சேமிக்கவும்’, ‘சேமிக்க வேண்டாம்’ என்னும் இரண்டு பொத்தான்களை நோக்குக. ஐந்தாம் எழுத்திற்கு முன் வெட்டினால் இரண்டும் ‘சேமிக்க…’ என்றே நிற்கும். மாலைவரை தட்டச்சிட்ட விண்ணப்பமோ ஆய்வேட்டின் இயலோ காக்கப்படுவதும் அழிவதும் அந்த மூன்று புள்ளிகளுக்குள் மறைந்துள்ளது. எழுத்தைப் பெரிதாக்கியவர்க்கே இந்த இடர் மிகுதி.

வியங்கோளை விரும்பும் பெயர்ப்பாளர் ‘சேமிக்க’ என்று எழுதுவர். ஏவல் ஒருமையாகிய ‘சேமி’ மரியாதைக் குறைவு என்னும் தயக்கமே இதற்குக் காரணம். கருவியை நோக்கிப் பயனர் இடும் ஏவலில் மரியாதை யாருக்கு என்பது தனியே ஆராயத்தக்கது. எவ்வாறாயினும், ‘சேமிக்க’ என்னும் முழுச்சொல்லும் ‘சேமிக்க வேண்டாம்’ என்பதன் தலைப்பகுதியாகவே அமைந்துவிடுகிறது. வெட்டுப்பட்ட மறுப்பு, வெட்டுப்படாத உடன்பாட்டை ஒத்திருக்கும். இதைவிட இடர்மிக்க இணையை வகுப்பது அரிது.

2008இல் வெளிவந்த வலைத்தள அணுகல் நெறிகளின் இரண்டாம் பதிப்பு, உள்ளடக்கமோ செயற்பாடோ கெடாமல் எழுத்து 200 விழுக்காடு வரை பெரிதாக இயலவேண்டும் என்கிறது. வலைக்கென வகுத்ததாயினும் மேசைத்தளத்திற்கும் பொருந்தும் அளவுகோல் இது. ஆனால் சோதிப்பவர் யார்? இடைமுகங்களைச் சோதிக்கப் போலி மொழிபெயர்ப்பு என்னும் முறை உண்டு. ஆங்கிலத் தொடர்களையே குறியீடுகள் சேர்த்து நீட்டிப் பெட்டியில் அடங்குகின்றனவா எனப் பார்ப்பர். நீட்டிய பகுதிக்குப் பொருளில்லை ஆதலால் அது வெட்டுப்பட்டால் அழகுக்குறையாகவே பதிவாகும். தமிழில் வெட்டுப்பட்டது விகுதி என்பதை அம்முறை அறியாது.

திரையின் எல்லை

பெட்டி முழுமையாக வளர்ந்தாலும் திரை வளர்வதில்லை. மடிக்கணினிகளில் பரவலாக உள்ள 1366×768 பிக்சல் திரையில் யாவற்றையும் இருமடங்காக்கினால் எஞ்சுவது 683×384 அளவு இடம். பழைய 640×480 திரைக்கென வகுத்த உரையாடல் பெட்டிகூட இதன் உயரத்தில் அடங்காது. பொத்தான்கள் பெட்டியின் அடியில் இருப்பதால் அவையே திரைக்கு வெளியே போகின்றன. க்னோம் தளத்தில் சூப்பர் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தை மேலே இழுக்கலாம். அறிந்தவர்க்கு அது உதவும்.

பெயர்ப்பாளர்க்குரிய நெறிகள்

கருவியைத் திருத்துவது பொறியியலார் பணி. சொல்லைத் தேர்வது தமிழ்த்துறையின் எல்லைக்குள் வருவது. எதிரெதிர்ப் பொருளுடைய இரு பொத்தான்கள் முதலெழுத்திலேயே வேறுபடவேண்டும் என்பது முதன்மையான நெறி. ‘சேமி’ என்பதற்கு எதிராக ‘கைவிடு’ என்று வைத்தால் எவ்வளவு வெட்டினாலும் மயக்கம் இராது. மறுப்பு வாய்பாட்டைத் தவிர்க்க இயலாத இடத்தில் ‘சேமிக்காமல் மூடு’ என்பது ‘சேமிக்க வேண்டாம்’ என்பதினும் மேலானது. மறுப்பு நான்காம் எழுத்திலேயே ‘கா’ எனத் தலைகாட்டுகிறது. கோப்புப் பெயர் போன்ற நீண்ட தொடர்களில் மேக் கணினியின் முறைப்படி நடுவில் வெட்டுவது தமிழுக்கு மிகப் பொருந்தும்; பகுதியும் விகுதியும் இரண்டும் தப்பும். இரண்டு வரியாக மடிப்பது அதனினும் நன்று.

புதிய பெயர்ப்பை வெளியிடுமுன், எழுத்தை 200 விழுக்காட்டில் வைத்து, ‘புதிய’, ‘பூட்டு’, ‘சூழல்’, ‘அச்சிடு’ ஆகிய சொற்களின் அடியும் முடியும் தெரிகின்றனவா என ஒருவர் கண்ணால் பார்க்கவேண்டும். அவ்வாறு பார்ப்பவர் குறைபார்வை உடையவராக இருப்பின், சோதனைக்கு வேறு கருவி தேவைப்படாது.