கடல் கடந்து கற்பிக்கப் போகும் மகளுக்கு

இரும்புலியூர்,
தாம்பரம்.

அன்புள்ள மகளுக்கு,

பெரியப்பாவின் ஆசிகள். பி.எட். தேர்வில் நீ தேறிய சந்தோஷச் செய்தியையும், அயல்நாடு ஒன்றில் ஆங்கில ஆசிரியையாக வேலை பார்க்கவேண்டும் என்ற உன் ஆசையையும் ஒரே கடிதத்தில் எழுதிவிட்டு, இறுதியில், “ஆங்கிலம் எனக்குத் தாய்மொழி இல்லையே, என்னை யார் எடுப்பார்கள்?” என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்விக்குத் தெளிவான விடை தெரியாமலே விண்ணப்பங்களை நாலாபுறமும் அனுப்பி, பதில் வராமல் மனம் சோர்ந்து, கடைசியில் யாரோ ஒரு தரகரின் கையில் போய் விழுகிற இளைஞர்களை நான் பார்த்திருக்கிறேனாதலால், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

சில நாடுகளில் அந்தக் கேள்வியைச் சட்டமே கேட்கிறது. தென்கொரியா ஆங்கில உரையாடல் கற்பிப்பதற்கான விசாவை நெடுங்காலமாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுப் பிரஜைகளுக்கே ஒதுக்கி வைத்திருந்தது; 2010 ஜனவரி முதல் தேதி நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார உடன்படிக்கைக்குப் பிறகுதான், பட்டமும் ஆசிரியப் பயிற்சிச் சான்றும் உடைய இந்தியர்கள் அங்குள்ள பள்ளிகளில் துணை ஆசிரியர்களாகச் சேர வழி பிறந்தது. தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகள் கதவை அடைப்பதில்லை. ஆனால் நம்மைப் போன்றவர்களிடம் பட்டத்தோடு ஆங்கிலத் தேர்ச்சிக்கான தேர்வு மதிப்பெண்ணையும் கேட்கின்றன. ஆகையால் ஒரு நாட்டின் பெயர் உன் மனத்தைக் கவர்ந்ததும், சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்பே, அந்த நாட்டுத் தூதரகத்தின் விசா விதிகளை நீயே படித்துப் பார். விதி இடம் தராத இடத்தில் உன் திறமைக்கு வேலை இல்லை. அதற்காக நீ வருந்தவும் வேண்டியதில்லை.

ஆனால் உலகம் அந்த ஏழு நாட்டாரைக் கொண்டு மட்டும் ஆங்கிலம் கற்றதில்லை என்பதை நீ அறிந்திருக்கவேண்டும். எத்தியோப்பியாவில் ஹெய்லி செலாசி சக்கரவர்த்தியின் ஆட்சியில், உயர்நிலைப் பள்ளிகளின் போதனா பாஷையாக ஆங்கிலம் அமைந்தபோது, மலைப்பிரதேசத்துச் சிற்றூர்கள் வரை சென்று கற்பித்தவர்களில் இந்திய ஆசிரியர்கள் ஏராளமாக இருந்தார்கள். 1976-இல் நைஜீரியா அனைவருக்கும் ஆரம்பக் கல்வி என்னும் திட்டத்தைத் தொடங்கி, புதிது புதிதாகப் பள்ளிகளைத் திறந்த காலத்தில், எண்ணெய் வருமானத்தால் செழித்திருந்த அந்த நாட்டுக்கும் நம்மவர்கள் குடும்பத்தோடு பிரயாணமானார்கள். அவர்களை அழைத்தவர்கள் எவரும் அவர்களுடைய உச்சரிப்பு லண்டனில் பிறந்ததா என்று கேட்கவில்லை. வகுப்பை நடத்தத் தெரியுமா என்றே கேட்டார்கள்.

இன்றைக்கு உன் நிலையில் இருப்பவளுக்கு அந்த மாதிரியான இடம் மாலத்தீவு என்பது என் அபிப்பிராயம். சுமார் 5 லட்சம் ஜனங்கள் ஏறத்தாழ 200 தீவுகளில் பரவி வாழும் அந்த நாட்டில் பாடங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடக்கின்றன. எவ்வளவு சிறிய தீவானாலும் அதற்கொரு பள்ளி தேவைப்படுவதால், தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் பல்லாண்டுகளாக அங்கே போய் வருகிறார்கள். அந்த நாட்டு மக்களின் திவேஹி மொழி வலமிருந்து இடமாக எழுதப்படுவது. ஆகவே காலையில் முதல் பாடவேளையில் வலப்புறமிருந்து எழுதிய குழந்தை, அடுத்த பாடவேளையில் உன் முன்னே உட்கார்ந்து இடப்புறமிருந்து எழுதவேண்டும். அந்தக் குழந்தையின் சிரமம், தமிழில் எண்ணி ஆங்கிலத்தில் எழுதப் பழகிய உனக்குச் சொல்லாமலே விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் படகுகள் நின்றுபோகும். வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். இஸ்லாமிய நெறியை அரசநெறியாகக் கொண்ட நாடாதலால், என்னென்ன பொருள்களைக் கொண்டுபோகக் கூடாது என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள். சம்பளம் ரூஃபியாவில் வரும். அதை ஊருக்கு அனுப்புவதற்கு வங்கிகள் விதிக்கும் உச்சவரம்பு அவ்வப்போது மாறும். வீட்டுக்கு மாதந்தோறும் இவ்வளவு அனுப்புகிறேன் என்று அப்பாவுக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன்னால், அங்கே இப்போது வேலை பார்க்கும் ஓர் ஆசிரியரிடம் இதைக் கேட்டறிவது அவசியம்.

இனி, நேர்முகத்தில் நீ நடத்திக் காட்டவேண்டிய மாதிரிப் பாடம். இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உன்னைத் தேர்ந்தெடுப்பதும் தள்ளுவதும் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிஷத்தில்தான் நிச்சயமாகிறது. அங்கே இலக்கண விதியைச் சொல்லி, உதாரணம் எழுதி, “புரிந்ததா?” என்று கேட்டு முடிக்கிற பாடத்தை நடத்தாதே. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு என்னும் அறிஞர், 1979 முதல் ஐந்தாண்டுகள் பெங்களூரிலும் நம் பக்கத்துப் பள்ளிகள் சிலவற்றிலும் ஒரு பரீட்சார்த்தமான முறையைக் கையாண்டார். குழந்தைகளின் கவனம் மொழியின் வடிவத்தில் நிற்காமல், அவிழ்க்கவேண்டிய ஒரு சிக்கலில் முழுமையாக ஈடுபடும்போதுதான் இலக்கணம் அவர்களுக்குள் தானாகப் படிகிறது என்பது அவருடைய கொள்கை. 1987-இல் அதுபற்றி அவர் எழுதிய நூலை உலகெங்கும் மொழி போதிப்போர் படிக்கிறார்கள். பின்னாளில் அவர் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துக்குக் கற்பிக்கச் சென்றார்.

அந்த முறையில் ஒரு பாடத்தை இப்படி அமைத்துப் பார். தாம்பரம்-கடற்கரை மின்சார ரயிலின் கால அட்டவணையில் ஒரு சிறு பகுதியைப் பலகையில் எழுது. ஒரு பெண் பத்து மணிக்குப் பூங்கா நிலையத்தில் இருக்கவேண்டும். இரும்புலியூரிலிருந்து தாம்பரம் நிலையத்துக்கு அவள் நடந்துவர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டும் என்று ஆங்கிலத்தில் கேள். முதலில் ஒரு கேள்வியை எல்லாருடனும் சேர்ந்து பேசியபடியே தீர்த்துவிட்டு, அதேபோன்ற இன்னொன்றை அவர்களிடமே கொடுத்துவிட்டு ஒதுங்கி நில். ஒருவன் தவறான ரயிலைச் சொல்வான். மற்றொருத்தி, அந்த ரயில் பிந்திவிடும் என்று மறுப்பாள். மறுப்பதற்குக் காரணம் சொல்லவேண்டி வரும்போது, நீ கற்பிக்க நினைத்த வாக்கியங்கள் அவர்களுக்கு உண்மையாகவே தேவைப்படும். பிழையாகச் சொன்னால் நீ அதைத் திருத்தமாகத் திரும்பச் சொல்லிவிட்டு மேலே செல். பேச்சை நிறுத்தி விளக்கவுரை ஆற்றாதே. மாலத்தீவுப் பள்ளியின் நேர்முகமானால், ரயிலுக்குப் பதிலாகத் தீவுகளுக்கிடையே ஓடும் படகுகளின் நேரத்தை வைத்துக்கொள். அங்குள்ளவர்களுடைய வாழ்க்கையை நீ யோசித்துப் பார்த்திருக்கிறாய் என்பது நேர்முகம் நடத்துவோருக்குச் சொல்லாமலே தெரியும்.

இந்தத் திறமை ஏட்டுப்படிப்பால் வருவதில்லை. வாரக் கடைசியில் கணினி முன் உட்கார்ந்து விலைகொடுத்துப் பெறுகிற சான்றிதழ்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. கேம்பிரிட்ஜின் செல்டா என்னும் ஆங்கில ஆசிரியர் பயிற்சிக்கு மதிப்பு இருப்பதற்குக் காரணம், அதன் 120 மணி நேரத்துக்குள், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்க, உண்மையான மாணவர்கள் முன் ஆறு மணி நேரம் கற்பித்துக் காட்டவேண்டும் என்ற நிபந்தனைதான். ஆயினும் அதற்குச் செலவு அதிகம். முதலில் நம் பகுதியில், கூடுமானால் தமிழ்வழி வகுப்புள்ள ஒரு பள்ளியில், ஓராண்டாவது பாடம் நடத்து. அயல்நாட்டு விளம்பரங்களில் பல, இரண்டாண்டு அனுபவம் கேட்பதால், அந்தக் காலம் வீண்போகாது.

காகிதங்களைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்தாம் வகுப்புச் சான்றில் பெயர் தலைப்பெழுத்தோடும், பட்டச் சான்றில் தந்தை பெயரை விரித்தும், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயராகவும் இருப்பது நம்மவர்களுக்கே உரிய தொல்லை. ஒற்றைச் சொல்லாகப் பெயர் உள்ள கடவுச்சீட்டுடன் வரும் சுற்றுலாப் பயணிகளை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022-இல் அறிவித்தபோது எத்தனையோ தமிழர்கள் திண்டாடினார்கள். உன் பெயர் எல்லாவற்றிலும் ஓரெழுத்தும் பிசகாமல் ஒன்றாக இருக்கட்டும். போலீஸ் சான்றுக்கு பாஸ்போர்ட் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். பட்டச் சான்று அயல்நாட்டில் செல்லுபடியாவதற்கு அப்போஸ்டில் முத்திரை போதுமா, அல்லது தூதரக முத்திரையும் வேண்டுமா என்பது நாட்டைப் பொறுத்தது.

தரகர் விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்ப்பவர் அரசாங்கத்தில் பதிவு பெற்றிருக்கவேண்டும். அவர் பெறக்கூடிய கட்டணத்துக்கும் 30,000 ரூபாயும் அதன்மேல் வரியும் என்று வரம்பு உண்டு. இ-மைக்ரேட் என்னும் அரசாங்க இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்; கிண்டியில் நம் மாநில அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் விசாரி. “இப்போது சுற்றுலா விசாவில் போ, அங்கே போனதும் மாற்றிக்கொள்ளலாம்” என்று எவர் சொன்னாலும் அத்தோடு பேச்சை முடித்துவிடு. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் புறப்பட்ட நம் பிள்ளைகள் எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவடியில் அடைபட்டுக் கிடந்ததை மறக்காதே.

நியமன ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்திட அவசரப்படாமல் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. விடுமுறை மாதங்களுக்குச் சம்பளம் உண்டா, தங்குமிடம் தனியறையா, பகிர்ந்துகொள்வதா, இடையில் விலகினால் விமானக் கட்டணத்தை யார் ஏற்பது, கடவுச்சீட்டு உன் வசமே இருக்குமா ஆகிய நான்கையும் நாம் வரிவரியாகப் படிக்கவேண்டும். அதற்கு முன், வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் சான்றிதழ்கள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு வா. பெயர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். பெரியம்மாவை மாணவியாக உட்கார வைத்து, அந்த ரயில் பாடத்தையும் ஒருமுறை நடத்திக் காட்டு.

அன்புடன்,
பெரியப்பா